அளவு சட்டை

அமெரிக்காவில், வட கரோலினாவின் கேரி ஊரில் இருக்கும் பாலாஜி கோயில் கேன்டீன் வரிசையில் நிற்கும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்கள். "ஹீட் பம்ப் மாத்தினீங்களாமே, எவ்வளவு ஆச்சு?" நான் 12,300 டாலர் என்கிறேன். கேட்டவர் உடனே தன் வீட்டு இயந்திரத்துக்கு எத்தனை வயது என்று மனதுக்குள் கணக்குப் போடுகிறார், முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. "எங்களுக்குப் பதினாறு சொன்னாங்க" என்பார் ஒருவர். "பக்கத்து வீட்ல ஒன்பதுக்கே முடிச்சுட்டாங்களே" என்பார் பின்னால் நிற்பவர். அதற்குள் தோசை வந்துவிடும், பேச்சு மாறிவிடும். ஆனால் வீடு திரும்பும் வழியில் எனக்குத் தப்பான பதில் சொல்லிவிட்டு வந்ததுபோலவே இருக்கும். எண் சரிதான், ரசீது இருக்கிறது. ஆனாலும் அந்த எண்ணை மட்டும் கொடுத்தால் கேட்டவருக்கு உபயோகமான எதையும் நான் கொடுக்கவில்லை என்று தோன்றுகிறது. வரிசையில் நின்றுகொண்டு சொல்ல முடியாததை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம். ஹீட் பம்ப் என்பது நம்ம ஊர் ஸ்ப்ளிட் ஏசியேதான். கோடையில் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே தள்ளும், குளிர்காலத்தில் ஒரு வால்வு திரும்பிக்கொள்ள, வெளிக்காற்றில் இருக்கும் சூட்டை உறிஞ்சி உள்ளே கொண்டுவரும். வெளியே பூஜ்ஜியம் டிகிரி இருந்தாலும் காற்றில் எடுக்கக்கூடிய சூடு இருக்கத்தான் செய்கிறது. மின்சாரத்தால் கம்பியைச் சூடாக்கினால் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் கிடைக்கும். ஹீட் பம்ப் அதே ஒரு யூனிட்டை வைத்துக்கொண்டு இரண்டு, மூன்று யூனிட் சூட்டை வெளியிலிருந்து சுமந்து வரும். பனி அதிகம் இல்லாத எங்கள் வட கரோலினா போன்ற இடங்களில் பல வீடுகளில் இதுதான்.

எங்கள் வீடு 1990களில் கட்டியது. ஒரே தளம், 1,900 சதுர அடி, தரைக்குக் கீழே தவழ்ந்து போகிற உயரத்தில் ஒரு க்ரால் ஸ்பேஸ். 2017இல் வாங்கினோம். வெளியே நின்ற ஹீட் பம்ப் 2013இல் முந்தைய உரிமையாளர் வைத்தது, 4 டன். 2025 டிசம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை ராத்திரி அது நின்றுபோனது.

ஒரு ராத்திரியின் விலை

காலையில் எழுந்தபோது தெர்மோஸ்டாட் 58 காட்டியது. செல்சியஸில் 14. ஊட்டியில் இருப்பவர்கள் இதற்கா இவ்வளவு என்று நினைக்கலாம். வீட்டில் என் மாமியார் இருந்தார், எழுபத்து நான்கு வயது, கும்பகோணத்திலிருந்து அக்டோபரில்தான் வந்திருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் சால்வை, அதற்கு மேல் என் கணவரின் ஜாக்கெட், காலில் இரண்டு ஜோடி சாக்ஸ் என்று சமையலறையில் அடுப்புப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அத்தை, ரொம்பக் குளிருதா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, நீ வேலையப் பாரு" என்றுதான் பதில் வரும். என் கணவர் அலுவலக வேலையாகப் பெங்களூரில் இருந்தார். போனில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "காசு போனா போகுது. அம்மா குளிர்ல இருக்கக் கூடாது."

மதியம் வந்த டெக்னீஷியன் நல்ல பையன். மீட்டர் வைத்துப் பார்த்தான். கம்ப்ரஸர் மோட்டாரின் சுற்றுக்கம்பி உடலோடு ஷார்ட் ஆகியிருக்கிறது, பிரேக்கரைத் திரும்பப் போட்டால் திரும்ப விழும் என்று எனக்கே காட்டினான். பின்னால் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள், அதில் ஏமாற்று ஏதும் இல்லை. பத்து வருட பாகங்கள் வாரண்டி 2023இலேயே முடிந்துவிட்டது. கம்ப்ரஸர் மட்டும் மாற்ற 3,800 டாலர் ஆகும், பன்னிரண்டு வயது இயந்திரத்துக்கு அது வீண் என்றான். அதுவும் நியாயமாகவே பட்டது. நாலு மணிக்கு அதே நிறுவனத்திலிருந்து இன்னொருவர் டேப்லெட்டோடு வந்தார். வெளியே போய் பழைய இயந்திரத்தின் ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்தார். உள்ளே வந்து ஏர் ஹேண்ட்லர், அதாவது அறைகளுக்குக் காற்றைத் தள்ளும் பெட்டி, இருக்கும் அலமாரியைத் திறந்து மூடினார். ஐந்து நிமிடம். பிறகு முக்கால் மணி நேரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பேசினார்.

புது 4 டன், வேகம் தானாக மாறும் உயர் ரக மாடல், 18,900 டாலர். பத்து வருடத் தவணையில் மாதம் 249 டாலர்தான் என்று அந்த "தான்" மேல் அழுத்தம் கொடுத்தார். (அந்த வட்டியில் பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 30,000 கட்டியிருப்பேன் என்பது பிறகு நானே போட்டுப் பார்த்த கணக்கு.) அடுத்தது வரிச்சலுகை. ஹீட் பம்ப் வைப்பவர்களுக்குச் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 2,000 டாலர், மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை அந்த வருடக் கடைசியோடு முடித்துவிட்டது. டிசம்பர் 31க்குள் இயந்திரம் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். "இன்றைக்குக் கையெழுத்துப் போட்டால் செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்ப முடியும், நாளைக்கு என்றால் என்னால் உத்தரவாதம் தர முடியாது" என்றார். அவர் சொன்ன சட்டம் உண்மை, தேதி உண்மை. சமையலறையில் அத்தை இருமும் சத்தம் கேட்டது. நான் கையெழுத்துப் போட்டேன்.

பயத்தில் இருக்கும் ஒரு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒருவர் விலை சொல்லும்போது, அந்த விலையில் இயந்திரத்தோடு சேர்த்து அந்த ராத்திரியும் விற்கப்படுகிறது. வெளியே மே மாதமாக இருந்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அதே காகிதத்தைப் படித்திருந்தால் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன்.

மாமாவின் கத்திரி

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அத்தை கேட்டார், "வந்தவரு வீட்ட அளந்தாராம்மா?"

என் மாமனார் கும்பகோணத்தில் தையல்காரர். இப்போது அவர் இல்லை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் வெட்டித் தைப்பார், அத்தை காஜா எடுத்துப் பட்டன் கட்டுவார். அந்த வருமானத்தில்தான் என் கணவர் இன்ஜினியரிங் படித்தார். எதைப் பார்த்தாலும் அத்தைக்கு அளவு என்பதுதான் முதலில் தோன்றும். அளக்கவில்லை அத்தை, பழைய மெஷின் என்ன சைஸோ அதே சைஸ்தான் என்றேன். அவர் ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "அளவு சட்டை மாதிரியா? அது தப்பு வரும்மா. அளவு சட்டையைக் கொடுத்துட்டு இதே மாதிரி தைங்கன்னு சொன்னா, உங்க மாமா வாங்கி வெச்சுப்பாரு, ஆனா ஆளையும் ஒரு தடவை நிக்க வெச்சு டேப்பைப் போட்டுருவாரு. அந்தச் சட்டையே தப்பா தெச்சதா இருந்தா?" என்றார்.

அத்தை அதைச் சொல்லிவிட்டு மறந்துவிட்டார். எனக்குத் தூக்கம் போனது.

இங்கே டன் என்ற வார்த்தையைப் பற்றி ஒரு சின்ன விஷயம். நம்ம வீடுகளில் ஒன்றரை டன் ஏசி என்று சொல்கிறோமே, அது எடை இல்லை. ஒரு டன் ஐஸ்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ அவ்வளவு குளிர்விக்கும் சக்தி, மணிக்கு 12,000 பிடியூ (சூட்டை அளக்கும் அலகு). ஐஸை வெட்டிக் கப்பலில் அனுப்பி விற்ற காலத்தின் மிச்சம். பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய ஐஸ் 1840களில் மதராஸ் வரை வந்து இறங்கியது, மெரினாவில் அதைப் பாதுகாத்து வைத்த கட்டிடம்தான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அந்தப் பழைய அளவுதான் இன்றைக்கும் என் வீட்டு வெளிச்சுவருக்குப் பக்கத்தில் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறது. எத்தனை டன் ஐஸ் இந்த வீட்டுக்குத் தேவை என்று யாராவது கணக்குப் போட்டுத்தானே 4 என்று வைத்திருப்பார்கள் என்றுதான் எட்டு வருடமும் நினைத்திருந்தேன்.

சனிக்கிழமை இன்னும் இரண்டு பேரை வரவழைத்தேன். ஒருவர் 14,200, இன்னொருவர் 11,600. இருவரும் ஸ்டிக்கரைப் படம் எடுத்தார்கள், இருவரும் 4 டன் என்று எழுதினார்கள். விலை ஏன் இப்படி ஏறியிருக்கிறது என்று கேட்டபோது இரண்டாமவர் பொறுமையாகச் சொன்னார். இயந்திரத்துக்குள் சூட்டைச் சுமந்து ஓடும் பழைய ஆர்-410ஏ கேஸ் வெளியேறினால் கரியமில வாயுவைவிட 2,088 மடங்கு பூமியைச் சூடாக்கக்கூடியது. 2025 ஜனவரியிலிருந்து புதிதாகத் தயாராகும் வீட்டு இயந்திரங்களில் அந்த எண் 700ஐத் தாண்டக் கூடாது. அதனால் ஆர்-454பி, ஆர்-32 என்று மாறியிருக்கிறார்கள். இரண்டும் லேசாகத் தீப்பற்றக்கூடியவை என்பதால் கசிவைக் கண்டுபிடிக்கும் சென்சார் சேர்கிறது, செலவும் சேர்கிறது. 2025 கோடையில் ஆர்-454பி சிலிண்டர் கிடைக்காமல் இந்தத் தொழிலே தவித்தது. (ஆர்-32 நம்ம ஊர் ஸ்ப்ளிட் ஏசிகளில் பல வருடமாக இருப்பதுதான்.) இதெல்லாம் எனக்குப் புரிந்தது, இந்த மாற்றம் வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் மூன்று கொட்டேஷன்களுக்கும் இடையில் 7,300 டாலர் வித்தியாசம் இருப்பதை எந்த கேஸும் விளக்கவில்லை. மூன்றும் என் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

தரையோடு வைத்த துணிக்கூடாரம்

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு நண்பர் ஒரு நம்பர் கொடுத்தார். தனியாக நடத்தும் பெரியவர், உதவிக்குத் தன் மருமகனை மட்டும் வைத்திருக்கிறார். போனில் நான் விலை கேட்டதும், வீட்டைப் பார்க்காமல் தன்னால் எந்த எண்ணும் சொல்ல முடியாது என்றார். பார்த்து, அளந்து, எழுதிக் கொடுக்க 350 டாலர், தன்னிடம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அது தர வேண்டும் என்றார். மற்ற மூவரும் இலவசமாக வந்திருந்தார்கள். ஒரு நிமிடம் தயங்கிவிட்டு வரச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை வந்தவர் முதலில் செய்தது, ஏர் ஹேண்ட்லர் அலமாரிக்குள் டார்ச் அடித்து ஒரு பிரேக்கரைக் கண்டுபிடித்ததுதான். ஹீட் பம்ப்புக்குத் துணையாக உள்ளே மின்கம்பிச் சூடேற்றி ஒன்று இருக்கும். கடுங்குளிரில் கூடச் சேர்ந்து ஓடவும், பம்ப் செத்துப்போனால் வீட்டைத் தாங்கவும். எங்கள் வீட்டில் அதன் பிரேக்கர் எப்போதோ அணைத்து வைக்கப்பட்டிருந்தது, மின்கட்டணத்துக்குப் பயந்து பழைய உரிமையாளர் செய்திருக்கலாம். அதைப் போட்டு, மீட்டர் வைத்துச் சோதித்து, தெர்மோஸ்டாட்டை எமர்ஜென்சி ஹீட்டுக்கு மாற்றினார். பத்து நிமிடத்தில் தரையில் இருக்கும் காற்றுத் துவாரங்களில் சூடு வந்தது. பில் எகிறும், ஆனால் வீடு குளிராது, அவசரப்படாமல் யோசியுங்கள் என்றார். நான்கு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. வெள்ளிக்கிழமையே யாராவது அந்தச் சுவிட்சைப் பார்த்திருந்தால் என் கையெழுத்து அந்தக் காகிதத்தில் விழுந்திருக்காது.

அப்புறம் டேப்பை எடுத்தார். ஒவ்வொரு ஜன்னலும் எத்தனை அங்குலம், எந்தத் திசை பார்க்கிறது, ஒற்றைக் கண்ணாடியா இரட்டையா. கூரைக்கு அடியில் இருக்கும் அட்டிக்கில் ஏறி இன்சுலேஷன் எத்தனை அங்குல கனம் என்று ஸ்கேல் குத்திப் பார்த்தார். எத்தனை பேர் இருக்கிறீர்கள், சமையல் எவ்வளவு நேரம் என்றுகூடக் கேட்டு எழுதிக்கொண்டார். இங்கே மேனுவல் ஜே என்று இதற்கு ஒரு கணக்குமுறை உண்டு, இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒன்றரை மணி நேரம் கழித்து லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். குளிர்காலத்துக்கு மணிக்கு 32,000 பிடியூ, கோடைக்கு 28,000. இந்த வீட்டுக்கு 3 டன் போதும். 4 டன் எப்போதுமே வேண்டியிருக்கவில்லை. அளவு சட்டையே தப்பு.

பெரிது இருந்தால் நல்லதுதானே என்று கேட்டேன், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை என்றார். பெரிய இயந்திரம் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும், கோடையின் ஈரத்தை இழுக்க நேரம் இருக்காது, அதனால்தான் வீடு குளிர்ந்தும் பிசுபிசுவென்று இருக்கும். ஆகஸ்ட் மாதங்களில் எங்கள் வீடு அப்படியேதான் இருக்கும். நின்று நின்று ஓடுவது கம்ப்ரஸருக்கும் நல்லதில்லை. அதோடு ஒரு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று வேண்டும். வீட்டுக் காற்றை இயந்திரத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயான எங்கள் ரிட்டர்ன் டக்ட் 1,200 கன அடிக்கு மேல் தராது, இந்த இயந்திரம் கேட்டது 1,600. மூச்சுத் திணறியே பன்னிரண்டு வருடம் ஓடியிருக்கிறது. அதனால்தான் செத்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் ஆச்சரியப்படவும் மாட்டேன் என்றார்.

கடைசியாக ஒரு துணிக்கூடாரம் போன்ற கருவியை எடுத்துவந்தார். தரையில் இருக்கும் காற்றுத் துவாரத்தின் மேல் கவிழ்த்தால் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்று எண் காட்டும். ஹாலில் 110. எங்கள் அறையில் 95. பையன் அறையில் 90. நான் அவர் பின்னாலேயே ஒவ்வொரு அறையாகப் போனேன். மூலையில் இருக்கும் விருந்தினர் அறை, அத்தை தங்கும் அறை. கட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். 22.

கருவியை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். 22தான். ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் உடம்பு முழுக்க மூடும் வேலை உடையைப் போட்டுக்கொண்டு க்ரால் ஸ்பேஸுக்குள் தவழ்ந்து போனார். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்து போனை நீட்டினார். அத்தை அறைக்கு நேர் கீழே, காற்றைக் கொண்டுவரும் குழாய் அதன் வாயிலிருந்து கழன்று மண்ணைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த பழைய இன்சுலேஷன் உறையில் சிக்கிக் கொஞ்சம் காற்று மட்டும் மேலே ஏறியிருக்கிறது. மீதி எல்லாம் வீட்டுக்கு அடியில் இருக்கும் மண்ணுக்கு. எத்தனை வருடமாக இப்படி என்று கேட்டேன். தூசி படிந்திருப்பதைப் பார்த்தால் நீங்கள் வீடு வாங்குவதற்கு முன்பிருந்தே என்றார்.

அத்தை எங்களிடம் வந்து தங்கிய குளிர்காலம் இது மூன்றாவது. 2018, 2022, இப்போது. மூன்று முறையும் அந்த அறைதான், ஜன்னல் வழியாகக் காலை வெயில் வரும், பூஜைக்கு வசதி என்று நாங்களே தேர்ந்தெடுத்துக் கொடுத்த அறை. மூன்று முறையும் அவர் ஸ்வெட்டரோடுதான் தூங்கினார். வயதானவர், நம்ம ஊர் உடம்பு, குளிர் தாங்காது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு சின்ன மின்சார ஹீட்டர் வாங்கி வைத்தேன். அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் எனக்கும் குளிர்ந்தது. ஆனால் துவாரத்தின் மேல் ஒரு தடவைகூடக் கையை வைத்துப் பார்க்கவில்லை. அந்த 22 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்தது கோபம் இல்லை, வெட்கம்.

அன்றைக்கு மாலை 18,900 டாலர் ஒப்பந்தத்தை ரத்து செய்தேன். வீட்டுக்கே வந்து விற்றதை மூன்று வேலை நாட்களுக்குள் ரத்து செய்யலாம் என்று இங்கே மத்திய அரசின் விதி இருக்கிறது, அதற்கான படிவம் அவர்கள் கொடுத்த காகிதங்களிலேயே கடைசிப் பக்கமாக இருந்தது. ரத்து செய்திருக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை புது இயந்திரம் வந்திருக்கும். பளபளவென்று, வரிச்சலுகையோடு, இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் அந்த மண்ணைச் சூடாக்கியிருக்கும்.

கணக்கு

பெரியவர் எழுதிக் கொடுத்தது: 3 டன் ஹீட் பம்ப்பும் அதற்குப் பொருத்தமான ஏர் ஹேண்ட்லரும் வைக்க 10,400. கழன்ற குழாயை மாற்றி, மற்ற எல்லா இணைப்புகளையும் பசை பூசி அடைத்து, கட்டித் தொங்கவிட 1,900. ஆக 12,300. அளவெடுத்த 350ஐ அவர் கழிக்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவருக்கு முன்பே ஒப்புக்கொண்ட வேலைகள் இருந்ததால் ஜனவரி இரண்டாம் வாரம்தான் வர முடிந்தது. வரிச்சலுகை 2,000 போனது. அதுவரை எமர்ஜென்சி ஹீட்டில் ஓட்டியதில், 190 வர வேண்டிய மின்கட்டணம் 412 வந்தது. மாநிலத்தில் தனியாக ஒரு தள்ளுபடித் திட்டம் உண்டு, அது வருமான வரம்புக்கு உட்பட்டவர்களுக்கு, எங்களுக்குப் பொருந்தாது. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 11,600 சொன்னவரைவிட நான் அதிகம்தான் செலவழித்திருக்கிறேன். கேன்டீன் வரிசையில் இதைச் சொன்னால் சிலர் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். இயந்திரத்தின் விலை மொத்தத்தில் பாதிதான் இருக்கும் என்று அவரே சொன்னார். மீதி அவர்கள் இருவரின் இரண்டு நாள் உழைப்பு, பெர்மிட், புதுத் தாமிரக் குழாய், காப்பீடு, பழைய கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் இழுத்துப் பத்திரப்படுத்துவது. தாமிரத்தைப் பற்றவைக்கும்போது உள்ளே கரி படியாமலிருக்க நைட்ரஜனை மெல்ல ஓடவிட்டார். பிறகு நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பி முள் நகர்கிறதா என்று காத்திருந்தார். அப்புறம் வெற்றிடப் பம்ப்பைப் போட்டுக் குழாய்க்குள் ஈரமே இல்லாதபடி 500 மைக்ரானுக்கு (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே இழுத்து, பம்ப்பை நிறுத்தி, எண் ஏறுகிறதா என்று மறுபடி காத்திருந்தார். அந்தக் காத்திருத்தல் எந்தக் கொட்டேஷனிலும் ஒரு வரியாக வராது. அவசரமாக அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவர் அதைத்தான் முதலில் விட்டுவிடுவார். அமெரிக்க அரசின் அளவியல் நிறுவனமான நிஸ்ட் 2014இல் வெளியிட்ட ஆய்வு, தப்பாக நிறுவிய ஹீட் பம்ப் வீட்டைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் ஆகும் மின்சாரத்தை 30 சதவீதம் வரை கூட்டிவிடும் என்கிறது. டக்ட் கசிவு, தப்பான கேஸ் அளவு, தேவைக்கு மேல் பெரிய இயந்திரம், தடைப்பட்ட காற்று. எங்கள் வீட்டில் இவற்றில் மூன்று இருந்தன. உயர் ரக மாடலுக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் இப்படியே கரைந்துவிடும்.

எனக்கு இன்னும் அடங்காத கேள்வி ஒன்று உண்டு. நாடி பார்ப்பவரே மருந்துக்கடையும் வைத்திருந்தால், அதுவும் நாடி பார்க்க இலவசம் மருந்துக்குத்தான் காசு என்றால், எந்த நாடியும் மருந்தில்தான் போய் முடியும். இதில் அந்த டெக்னீஷியன் பையனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. கடந்த சில வருடங்களாக, குடும்பங்கள் நடத்திவந்த இது போன்ற கடைகளை முதலீட்டு நிறுவனங்கள் நாடு முழுக்க வாங்கிச் சேர்த்துவருகின்றன. வண்டியில் பழைய பெயர் அப்படியே இருக்கும், உள்ளே விற்பனை இலக்கும் கமிஷனும் வந்திருக்கும். ஒரு பாகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிப் போகிறவரைவிட, டேப்லெட்டோடு இன்னொருவரை வரவழைப்பவருக்குத்தான் அங்கே மதிப்பு. நாமும் சேர்ந்துதான் இதை வளர்க்கிறோம். இலவச எஸ்டிமேட் என்றால் நாலு பேரைக் கூப்பிடுகிறோம், அளவெடுக்க 350 என்றால் தயங்குகிறோம். நானே தயங்கினேன். தையல் கடையில் டேப்பைப் போடும் அந்த இரண்டு நிமிடத்துக்கு மாமாவும் தனியாகக் காசு வாங்கியதில்லை, தையல்கூலியில் அடங்கிவிடும். ஆனால் அங்கே சட்டை பிடிக்கவில்லை என்றால் அதே தெருவில் மறுநாள் காலை வந்து நிற்பார்கள். இங்கே குழாய் கழன்று கிடப்பது எட்டு வருடம் யாருக்கும் தெரியாது.

யாராவது மாற்றப் போவதாகச் சொன்னால் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: வந்தவர் எத்தனை நேரம் பேசினார், எத்தனை நேரம் அளந்தார்? உங்கள் வீட்டில் எப்போதும் குளிராகவோ எப்போதும் புழுக்கமாகவோ இருக்கும் ஓர் அறை கட்டாயம் இருக்கும். இயந்திரத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் வந்தவரை அந்த அறைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இரண்டாம் நாள் மாலை டவுன் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். கிளம்பும் முன் பெரியவர் அந்தத் துணிக்கூடாரத்தை மறுபடி எடுத்துவந்து அத்தை அறையில் கவிழ்த்தார். 88. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். எண் அவருக்கு எதுவும் சொல்லவில்லை. குனிந்து துவாரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. "ஏன் அத்தை, இத்தனை வருஷமா இவ்வளவு குளிருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். என் குரல் சரியாக வரவில்லை. அவர் நிமிர்ந்து, "இந்த ஊர்க் குளிரே இப்படித்தான்போலன்னு நெனச்சேம்மா" என்றார்.

அன்றைக்கு ராத்திரி பத்தரை மணி இருக்கும். நான் ஹாலில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போகும்போது மூலை அறைக் கதவு திறந்தது. ஸ்வெட்டர் இல்லாமல், வெறும் புடவையோடு அத்தை நின்றார். எங்கள் வீட்டில் மூன்று முறை மாதக்கணக்கில் தங்கியும் தனக்கென்று எதையும் கேட்டதில்லை, காப்பியில் சர்க்கரை குறைந்தால்கூடச் சொல்ல மாட்டார்.

"தூங்கிட்டியாம்மா?" என்றார். "உள்ள கொஞ்சம் புழுக்கமா இருக்கு. அதைக் கொஞ்சம் கொறச்சு வெக்கிறியா?"

போய் 70இலிருந்து 68க்கு இறக்கி வைத்தேன்.